ரதிக்கு அழுகை வரவில்லை

என் அப்பா பன்னிரண்டு வருஷம் ரதியாக இருந்தார். மற்ற நாளெல்லாம் கவ்வாத்துக் கத்தியால் தேயிலைச் செடி வெட்டுகிற ஆள்தான். மாசி பிறந்தால் மீசையை எடுத்துவிட்டு, அம்மாவின் கல்யாணச் சேலையைக் கட்டி, ஜிகினாக் கிரீடம் வைத்துக்கொண்டு, காமன் கூத்தில் மன்மதனுக்குப் பெண்டாட்டி ஆகிவிடுவார். சிவன் மன்மதனை எரிப்பார், ரதி விழுந்து அழுவாள், மூன்றாம் நாள் மன்மதன் எழுந்துகொள்வான். எங்கள் தோட்டம் இலங்கை மலைநாட்டில், ஸ்பிரிங்வெளிப் பக்கம். அப்பா அழுவதைப் பார்க்க நமுனுகுலயிலிருந்துகூட ஆள் வரும். சேலையில் அம்மாவைவிட அப்பாதான் எடுப்பு என்று லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். அம்மாவும் அதை மறுத்ததில்லை.

ஒரு கார்த்திகை மழையில் அவருக்குக் காய்ச்சல் வந்தது. பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நாலாம் நாள் போய்விட்டார்.

அம்மா அழவில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் எங்கள் லயத்து ஒற்றை அறைக் காம்பராவின் மூலையில் சாக்கை விரித்துப் படுத்தவள், எழுந்து வேலைக்குப் போகவில்லை. பத்து வயதிலிருந்து கொழுந்து எடுத்தவள். அவளுடைய கூடை அடுப்போரம் சும்மாவே கிடந்தது. கடைசியில் ஒரு கோழி அதில் முட்டையிட இடம் பிடித்துவிட்டது.

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு வரை போனவன். அதற்குமேல் நானும் வேண்டாம், பள்ளிக்கூடமும் வேண்டாம் என்று இரு தரப்பும் ஒத்துப்போய்விட்டோம். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை ஆளைச் சீண்டுவது. அம்மாவையும் சீண்டிப் பார்த்தேன். கஞ்சியில் உப்பை அள்ளிப் போட்டுக் கொடுத்தேன், எழுந்து விளக்குமாற்றை எடுப்பாள் என்று. முழுதும் குடித்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் நிஜமாகப் பயந்தது அன்றைக்குத்தான்.

கங்காணி வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

“தங்கச்சி, காமன் முடியிற வரைக்கும் நான் கெஞ்சிக் கூத்தாடி வச்சிருக்கேன். அதுக்குப் பெறகும் காலையில பேர் குடுக்கப் பெரட்டுக்கு வரலன்னா பேர வெட்டிருவாங்க.”

பதிலுக்குக் கோழிதான் கத்தியது.

அடுத்ததாகக் கூத்து மாஸ்டர் வந்தார். ரதிக்கு ஆள் இல்லையாம்.

“ஒங்கப்பன் மூக்கு அப்பிடியே ஒனக்கு இருக்கு. நீதான் கட்டணும்.”

“சாவு விழுந்த வீடு, மாஸ்டர். வருசம் திரும்பல.”

அவர் என்னைப் பூசாரியிடம் இழுத்துப் போனார். பூசாரி ஒரு வெற்றிலை போடும் நேரம் யோசித்துத் தீர்ப்புச் சொன்னார். “ரதியே புருசன் செத்தவ. அவளுக்கு என்னா தீட்டு?”

இதற்கு மேல் பேச யாரிடமும் சட்டம் இல்லை. எனக்குக் காப்புக் கட்டிவிட்டார்கள். சேலை வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டேன். திரும்பிப் பார்க்காமலே பெட்டிச் சாவியை என் பக்கம் தள்ளிவிட்டாள்.

எனக்கு வாய்த்த மன்மதன் துரை பங்களாவில் சமையல் செய்கிறவர். வயது ஐம்பது, துரைக்கு மிஞ்சிய புட்டிங்கெல்லாம் வயிற்றில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் லயத்துக்குக் கீழே உள்ள பொட்டலில் ஒத்திகை. மன்மதன் எரிந்துபோனதாகத் தரையில் சாய்ந்தார். நான் அவர்மேல் விழுந்து அழவேண்டும். விழுந்தேன். அந்த வயிறு என்னைத் திருப்பி அனுப்பியது. சிரித்துவிட்டேன்.

“நீ தாலியறுத்தவடா,” என்று மாஸ்டர் பிரம்பால் தரையில் அடித்தார். “அண்ணே, நீங்க செத்தவரு. வெத்தல மெல்லாதீங்க.”

“செத்த பெறகுதான் போட்டேனா? முன்னாடியே வாயில இருந்துச்சு,” என்றார் மன்மதன்.

அடுத்த ஞாயிறு கண்ணில் வெங்காயம் தேய்த்துக்கொண்டு போனேன். மாரில் அடித்துக்கொண்டு ஊளையிட்டேன். தப்பு மேளம் அடிப்பவர் பயந்து தாளத்தை விட்டுவிட்டார்.

“நிறுத்துடா.”

குரல் மேலேயிருந்து வந்தது. காம்பரா வாசலில் அம்மா, தலைவிரிகோலமாக நின்றாள். படியிறங்கி நேரே பொட்டலுக்கு வந்தாள்.

“ஒங்கப்பா இப்பிடியாடா அழுவாரு? நாய்க்குக் கல்லெறிபட்ட மாதிரி. பன்னெண்டு வருசம் அந்த மனுசன் என் தலமாட்டுல ஒக்காந்து பழகுனாரு. எனக்குத் தெரியாத அழுகையா? தள்ளு.”

தள்ளினேன். அம்மா சமையற்காரரின் காலடியில் உட்கார்ந்தாள்.

“எடுத்ததும் மாருல அடிக்கக் கூடாது. மொதல்ல காலத் தொட்டுப் பாக்கணும், சூடு இருக்கான்னு. இருக்கிற மாதிரிதான் தெரியும். அப்பறம் முட்டியத் தொடணும். அங்க...”

அதற்குமேல் அவள் எனக்குச் சொல்லித் தரவில்லை. அவர் முட்டியைப் பிடித்தபடியே குனிந்தாள். மூன்று மாதத்து அழுகையும் அந்த ஆளின் மேல் கொட்டியது. தப்புக்காரர் அடிப்பதா விடுவதா என்று தெரியாமல் மெதுவாக அடித்துக்கொண்டேயிருந்தார். மாஸ்டர் பிரம்பைக் கீழே வைத்துவிட்டார். மன்மதன் அசையவில்லை. வாயிலிருந்த வெற்றிலையைச் சாறோடு விழுங்கிவிட்டு ஒழுங்காகச் செத்துக் கிடந்தார்.

அவள் ஓய்ந்தபின் அவர் எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். “நான் நெசமா சாகறப்ப இதுல பாதி அழுக யாராச்சும் அழுதாப் போதும், தாயி.”

அதன்பின் ஒத்திகைக்கெல்லாம் அம்மா வந்தாள். என்னைத் திட்டுவதற்காக மட்டும். திட்டிவிட்டுப் போய் மறுபடியும் படுத்துக்கொள்வாள். திங்கள் வரும், பெரட்டுக்குக் கொம்பு ஊதும், அவள் அசையமாட்டாள். கோழியும் அசையாது.

கூத்து நடந்தது. நான் அழுதது பற்றி ஊரில் இன்னும் நல்லவிதமாக யாரும் சொல்லவில்லை. மன்மதன் எரிந்தார். மூன்றாம் நாள் காலையில் எழுப்புகிற சடங்கு. மன்மதனை வெள்ளைத் துணியில் கிடத்தியிருந்தோம். பூசாரி மந்திரம் சொல்லித் தண்ணீர் தெளித்தார். மன்மதன் எழவில்லை. மறுபடி தெளித்தார். குறட்டைச் சத்தம் கேட்டது. விரதமும் கூத்துமாக மனுஷன் களைத்துப்போய் நிஜமாகவே தூங்கிவிட்டார். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள், சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். காமன் எழாவிட்டால் தோட்டத்துக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. நான் ரதி வேஷத்தில் அவர் விலாவில் ஒரு குத்து விட்டேன். பலனில்லை.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். தாலியறுத்தவள் இந்தச் சடங்கில் முன்னால் வந்து நிற்கலாமா என்று கேட்கப் பூசாரி வாயைத் திறந்தார். அவருடைய தீர்ப்பே அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், மூடிக்கொண்டார். அம்மா செம்பை வாங்கி முழுத் தண்ணீரையும் மன்மதன் முகத்தில் ஊற்றினாள்.

“எந்திரிங்கண்ணே. மூணு நாளு போதும். ஆளாளுக்கு இப்பிடிப் படுத்துக்கிட்டா மலைக்குக் கொழுந்தெடுக்க யாரு போறது?”

மன்மதன் பதறி எழுந்து உட்கார்ந்தார். தப்பு முழங்கியது. எல்லோரும் மன்மதனைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் காலிச் செம்பைப் பிடித்தபடி, சொன்னது தான்தானா என்பதுபோல் நின்றாள். அப்புறம் என் பக்கம் திரும்பி, “சேலைய நனைக்காத,” என்றாள்.

மறுநாள் கொம்பு ஊதியபோது சாக்கு சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. நான் பெரட்டுக்களத்துக்கு ஓடினேன். அம்மா கூடையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள்.

“வந்துட்டியா, தங்கச்சி?” என்றார் கங்காணி.

“வந்துட்டேண்ணே. அடுத்த மாசிக்கு இன்னும் பதினோரு மாசந்தான் கெடக்கு. இவன் அழுகுற லெச்சணத்த நீங்களே பாத்தீங்க.”

பெரட்டே என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

சாயங்காலம் காம்பராவுக்குப் போனதும் கோழியைத் தேடினேன். ரதியின் ஜிகினாக் கிரீடத்தைக் கவிழ்த்து, அதற்குள் வைக்கோல் வைத்து, முட்டைகளோடு அதை அம்மா உட்காரவைத்திருந்தாள். என்னைப் பார்த்து அது முறைத்தது.