ஈஸ்வரியக்காவின் நெற்றி

ஈஸ்வரியக்காவின் காலை எடுத்தது நான்தான். சண்டைக்காலத்தில் விழுந்த செல் எடுத்தது என்று ஊர் சொல்கிறது. உங்களிடமாவது உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

உரும்பிராயில் முதலுதவி வகுப்புக்குப் போனவர்களில் நானும் ஒருத்தி. ஒரு துணிப்பட்டி, அதை முறுக்க ஒரு தடி, ஒரு பேனை... இந்த மூன்றும் இல்லாமல் கிணற்றடிக்குக்கூட நான் போனதில்லை. அவ்வளவு பெருமை எனக்கு! குருதி நிற்க இறுக்கிக் கட்டினால், கட்டிய நேரத்தைக் காயப்பட்டவரின் நெற்றியில் எழுத வேண்டும். நேரம் கடந்தால் கட்டிய உறுப்பே செத்துப்போகும். எல்லாம் எனக்கு மனப்பாடம்.

அன்று காலை வெங்காயத் தோட்டத்தில் செல் விழுந்து வெடித்தது. பக்கத்து வீட்டு ஈஸ்வரியக்காவின் முழங்காலுக்குக் கீழே குருதி பீறிட்டது. தொடையில் பட்டியைச் சுற்றித் தடியை முறுக்கினேன். குருதி நின்றது. பேனையை எடுத்துக்கொண்டு குனிந்தேன். நெற்றி நிறையக் குங்குமம்.

அதை அழித்தால்தான் எழுதலாம். அவருடைய கணவர், வேலு அண்ணை, அப்போதுதான் சந்தைக்குப் போயிருந்தார். புருஷன் உயிரோடு இருக்கிறவளின் பொட்டை என் கையால் அழிப்பதா? கை கூசியது. கன்னத்தில் எழுதியிருக்கலாமே, புறங்கையில் எழுதியிருக்கலாமே... தோன்றவில்லை. பேனையை மூடிவிட்டேன். உழவு இயந்திரத்தில் ஏற்ற ஆண்கள் ஓடிவந்தார்கள். அவசரமாக அக்காவின் சேலையைக் கணுக்கால்வரை இழுத்துவிட்டேன். கட்டும் அதற்குள் மறைந்துபோனது.

ஆஸ்பத்திரியில் தரையெல்லாம் காயக்காரர். குருதி ஒழுகாதவரை யார் திரும்பிப் பார்ப்பார்கள்? விளக்கு வைக்கும் நேரத்தில்தான் சேலையை விலக்கினார்களாம். அதற்குள் கால் செத்துவிட்டது.

மறுநாள் வேலு அண்ணை வந்தார்.

"பிள்ளை, கட்டின நேரம் எழுதேல்லையோ எண்டு டாக்குத்தர் கேக்கிறார்."

"எழுதினனான் அண்ணை. வேர்வையிலை அழிஞ்சிருக்கும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? என் நல்ல பெயர் போய்விடுமே என்ற பயம். வேறொன்றுமில்லை. அந்த நெற்றியில் குங்குமம் குலையாமல் இருந்ததை அவர் பார்க்காமலா இருந்திருப்பார்? ஆனாலும், "சரி பிள்ளை" என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

அடுத்த வருடம் வேலு அண்ணையையே ஒரு செல் கொண்டுபோனது.

ஈஸ்வரியக்கா ஊன்றுகோலோடு இன்றும் என் வீட்டுக்கு வருவார். "நீ இல்லாட்டி நான் இண்டைக்கு இல்லையடி" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார். நான் தலையாட்டுவேன். என் பையில் அதே பேனை இருக்கிறது. அவருடைய வெறும் நெற்றியைப் பார்க்கிறேன்... எழுத இப்போது தாராளமாக இடமிருக்கிறது.