ஸ்ரீசைலம் ரோட்டில் நாற்பத்தெட்டு மணி நேரம்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், ஏழாவது பிரிவு, முதல் உட்பிரிவின்படி, கேட்ட தகவலை முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதற்குக் கீழேயே இன்னொரு வரி இருக்கிறது. கேட்பது ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியதாக இருந்தால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலான அலுவலகங்களில் இந்த வரி வரைக்கும் யாரும் படிப்பதில்லை. நான் படித்திருக்கிறேன். ஓய்வு பெறுவதற்கு முந்தைய சில வருடங்கள் இப்படிப்பட்ட விண்ணப்பங்களுக்குப் பதில் எழுதுவதுதான் எனக்கு வேலை.

ஆகவே, என் தங்கையின் கணவர் ஸ்ரீசைலத்துக்கு நடந்து போகும் வழியில் காணாமல் போனபோது, அந்த வழி போகும் மாவட்டத்தின் போலீஸ் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதி, அந்த வரியை மேற்கோள் காட்டி, அடிக்கோடும் போட்டேன். அந்தச் சாலையில் அடையாளம் தெரியாமல் யாராவது மீட்கப்பட்டார்களா, மீட்கப்பட்டிருந்தால் எங்கே அனுப்பப்பட்டார்கள் என்பதுதான் கேள்வி. ஒரு திங்கட்கிழமை மதியம் நேரிலேயே கொண்டுபோய்க் கொடுத்து நகலில் முத்திரை வாங்கினேன். முத்திரை குத்தியவர் அதைப் படிக்கவில்லை. படிப்பது அவருடைய வேலையும் இல்லை. மாவட்டத்தின் பெயரை நான் எழுதப்போவதில்லை. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும்.

மாப்பிள்ளை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து இங்கே ஹைதராபாத்துக்கு வேலைக்கு வந்தவர். மாப்பிள்ளை பிறந்தது செகந்திராபாத் ரயில்வே காலனியில், வீடு கட்டியது அல்வாலில். தெலுங்கில் பேரம் பேசுவார், உருதுவில் திட்டுவார், வீட்டில் மட்டும் தமிழ். நாலைந்து வருடமாகச் சிவமாலை போட்டுக்கொண்டு, சிவராத்திரிக்குள் போய்ச் சேரும்படி ஸ்ரீசைலத்துக்கு நடந்துகொண்டிருந்தார். பஸ் இருக்கும்போது எதற்கு நடை என்று ஒருமுறை கேட்டேன். "பட்டறைல முப்பத்தாறு வருஷம் ரயிலை ரிப்பேர் பண்ணியிருக்கேன் மச்சான். அதனாலதான் எதுலயும் ஏறுறதில்ல" என்றார்.

மாலை போட்டவர்களுக்குச் சில விதிகள் உண்டு. தாடி எடுக்கக் கூடாது. காவி உடுத்த வேண்டும். ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, எல்லோரும் சாமி. இவர் சேர்ந்திருந்த குழுவில் கூடுதலாக ஒரு விதி. நடக்கும்போது கைப்பேசி கூடாது. எல்லோருடைய கைப்பேசியையும் பணப்பையையும் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, சாமான் வண்டியில் அனுப்பிவிடுவார்கள். இவரை அந்தக் குழுவில் சேர்த்துவிட்ட பட்டறை நண்பர் இந்த வருடம் மூட்டு வலி என்று வரவில்லை. மற்றவர்களுக்கு இவர் வெறும் சாமி.

சிவராத்திரிக்கு மறுநாள் குழு திரும்பி வந்தது. இவர் வரவில்லை. சாக்கிலிருந்த அவருடைய கைப்பேசியும் பணப்பையும் மட்டும் வந்தன. ஹப்சிகுடாவில் குழுத் தலைவர் வீட்டுக்குப் போனோம். நிலம் வாங்கி விற்கும் தொழில். வெள்ளைச் சட்டைக்கு மாறியிருந்தார், மாலையை இன்னும் கழற்றவில்லை. அவர் தெலுங்கில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன்.

"ராத்திரி படுக்கும்போது எண்ணுவோம் சாமி. காலையில எழுந்ததும் எண்ணுவோம். ஒரு நாளும் ஆள் குறையல. எண்ணிக்கை சரியா இருந்துச்சு."

"அப்புறம் எங்க வீட்டுக்காரர் எங்கே?" என்றாள் தங்கை.

தலைவர் மெதுவாகச் சொன்னார். திரும்பும் பஸ்ஸில் ஏறும்போதுதான் தெரிந்ததாம், இன்னொரு குழுவிலிருந்து பிரிந்துபோன ஒரு சாமி, கல்வகுர்த்தியைத் தாண்டிய பிறகு இவர்களோடு வந்து சேர்ந்திருக்கிறார். அதே காவி, அதே தாடி. இவர் குறைந்தார், அவர் கூடினார்.

மாப்பிள்ளையைக் கடைசியாக நிச்சயமாகப் பார்த்தது கல்வகுர்த்தியில், அன்னதானப் பந்தலில். அதற்குப் பிறகு யாருக்கும் சரியாக நினைவில்லை. எங்கள் பக்கத்துக் காவல் நிலையத்தில் காணாமல் போன இடத்தில்தான் புகார் கொடுக்க வேண்டும் என்றார்கள். இடம் தெரிந்தால் அவர் காணாமல் போனவர் ஆகமாட்டார் என்று சொல்லி, எந்த எல்லையானாலும் பதிவு செய்ய வேண்டும் என்ற உத்தரவை எடுத்துக் காட்டி, பதிவு செய்ய வைத்தேன். தங்கை மகள் மாதாப்பூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறாள். அந்தச் சாலையிலும் நகரத்திலும் இருக்கும் ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போன் போட்டு, அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டாள். அந்தப் பெயரில் யாரும் இல்லை என்றார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை.

மறுநாள் கொடுத்ததுதான் அந்த விண்ணப்பம். அன்று சாயங்காலம் தங்கை ஒரு பையில் இரண்டு புடவையை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"கல்வகுர்த்திலேர்ந்து நடந்து போறேன்" என்றாள்.

"கார் எடுத்துக்கலாம்."

"கார் நக்கோ, வேணாண்ணே. கார்ல போனா ஊரும் ஊரும்தான் தெரியும். நடுவுல ஒரு மரத்தடில உக்காந்திருந்தார்னா?"

"உன் முட்டி தாங்குமா?"

"என் முட்டிக்கு நீ முத்திரை வாங்க வேணாம். வர்றியா, வரலியா?"

செவ்வாய்க்கிழமை காலை கல்வகுர்த்தியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்தோம். அவளுக்கு அறுபது, எனக்கு அறுபத்தாறு. மகளுடைய கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் முன்னால் போனாள். சாலைக்கு இடப்பக்கம் அவள் பார்ப்பது, வலப்பக்கம் நான் பார்ப்பது என்று ஏற்பாடு.

யாத்திரை முடிந்த சாலை. பந்தல்களைப் பிரித்துக் கொண்டுபோயிருந்தார்கள். மூங்கில் நட்ட குழிகளும் சாம்பலும் மிச்சம். காகிதத் தட்டுகளும் தண்ணீர்ப் பாக்கெட்டுகளும் வேலியோரம் ஒதுங்கிக் கிடந்தன. காலில் சுற்றிய துணிக்கட்டுகள், ரத்தம் காய்ந்து, மைல் கணக்கில். பக்தர்களை வரவேற்ற பிரமுகர்கள் மட்டும் பிளெக்ஸ் பலகைகளில் இன்னும் கைகூப்பிக்கொண்டிருந்தார்கள். பருத்தி எடுத்து முடித்த வயல்களில் செடிகள் கறுத்து நின்றன. முள்ளில் பஞ்சு ஒட்டியிருந்தது. நடுநடுவே, விளைச்சல் நிலத்தில், வெறும் வளைவு ஒன்றைக் கட்டி உள்ளே மனைக்கற்கள் நட்டிருந்தார்கள். நிழலென்று பார்த்தால் அந்த வளைவின் நிழல்தான். அங்கேதான் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம்.

வழியில் கண்ட எல்லோரிடமும் படத்தைக் காட்டினாள் தங்கை. அதில்தான் சிக்கல். மாலை போட்ட பிறகு அவர் படம் எடுத்துக்கொள்ளவில்லை. இருந்தது மகள் நிச்சயதார்த்தத்தில் எடுத்தது. மீசைக்குச் சாயம் அடித்து, கோட்டுப் போட்டு, பல்செட்டு தெரியச் சிரிக்கும் ஒருவரை நீட்டி, காவியில் தாடியோடு இவர் போனாரா என்று கேட்டால் யார் என்ன சொல்ல முடியும். கடலைக் கொடியை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் படத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், யாத்திரைதான் முடிந்துபோய்விட்டதே என்றார். ஒரு கிராமத்துப் பஞ்சர் கடைக்காரர், "ஆயிரம் சாமி போச்சும்மா, எந்தச் சாமின்னு சொல்றது" என்றார் தெலுங்கில். சாலையோரக் கிணறு ஒன்றைக் கண்டதும் தங்கை நின்றுவிட்டாள். நான் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து இல்லை என்று தலையசைத்தேன். அதற்குப் பிறகு கிணறு தென்பட்டபோதெல்லாம் நானே போய்ப் பார்த்தேன். அவள் சாலையில் நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பாள்.

புதன்கிழமை மதியம் நாற்பத்தெட்டு மணி நேரம் முடிந்தது. புளியமரத்தடியில் நின்று என் கைப்பேசியைப் பார்த்தேன்.

"என்ன, பதில் வந்துருச்சா?" என்றாள்.

"சட்டப்படி இப்ப வந்திருக்கணும்."

"ஹவ், வந்திருக்கணும்தான். உன் சட்டம் பஸ் கிடைக்காம நிக்குதோ என்னமோ" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வியாழக்கிழமை காலை டிண்டி ஏரியைத் தாண்டி ஒரு டீக்கடை. தகரக் கூரை, முன்னால் வேப்பமரம், கடைக்காரம்மா ஒருத்தி. படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். தங்கை படத்தை உள்ளே வைத்தாள். பிறகு என்ன தோன்றியதோ, தெலுங்கில் கேட்டாள். "பல்லைக் கழட்டி வச்சிட்டு, பிஸ்கட்ட டீயில முக்கித் தின்னாரா ஒரு சாமி?"

அந்தம்மா சிரித்தாள். உடனே சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே போய், மாட்டியிருந்த காலண்டருக்குப் பின்னாலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து வந்தாள். அதில் பல்செட்டு இருந்தது.

அவள் சொன்னது இது. அந்தச் சாமி பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டார். வாய் கோணிவிட்டது. கூட வந்தவர்கள் முன்னால் போய்விட்டிருந்தார்கள். பின்னால் வந்த வேறு குழுக்காரர்கள் ஆம்புலன்சைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார்கள். பெயர் என்ன என்று ஆம்புலன்ஸ்காரர் கேட்டார். சாமி என்றார்கள்.

"உயிர் இருந்துச்சா?" என்று கேட்டாள் தங்கை.

"இருந்துச்சும்மா. பேசினாரே. அரவம் பேசினார்."

அரவம் என்றால் தமிழ். தெலுங்கும் உருதும் அவருக்குள் அணைந்துபோய், வீட்டில் பேசியது மட்டும் மிச்சமிருந்திருக்கிறது.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நாங்கள் பெயரைச் சொல்லவில்லை. தமிழ் பேசிய சாமி என்றோம். உடனே தெரிந்தது. மேலே அனுப்பிவிட்டோம் என்றார்கள். மேலே என்றால் ஹைதராபாத். நாங்கள் எந்த ஊரிலிருந்து புறப்பட்டு அவரைத் தேடி நடந்துகொண்டிருந்தோமோ அங்கே. அல்வாலிலிருந்து ஆட்டோவில் போகிற தூரத்தில்.

கிடைத்த பஸ்ஸில் ஏறினோம். இரண்டு நாளும் ஒரு காலைப் பொழுதும் நடந்த சாலை ஒரு மணி நேரத்துக்குள் பின்னால் போய்விட்டது. தங்கை பல்செட்டை முந்தானையில் முடிந்து கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். வழியில் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "வாய் கோணிருந்தா பல்லு பொருந்துமா அண்ணே?" டாக்டர் சரி பண்ணிவிடுவார் என்றேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சாயங்காலம். அவர் அன்று விடியற்காலையில் இறந்திருந்தார்.

ஆஸ்பத்திரிப் புறக்காவல் நிலையத்திலிருந்த காவலர் ஒரு படத்தைக் காட்டினார். நரைத்த தாடி, குழிந்த கன்னம், பல்லில்லாத வாய். எனக்கு அடையாளம் தெரியவில்லை. இவர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். தங்கை படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "காலையில எழுந்ததும் இப்படித்தான் இருப்பார்" என்றாள்.

காவலர் நல்ல மனிதர். விதிப்படி எல்லாம் செய்ததாகச் சொன்னார், செய்தும் இருந்தார்கள். பேசியது தமிழ், உடுத்தியது யாத்திரைக் காவி. ஆகவே தமிழ்நாட்டிலிருந்து வந்த யாத்ரீகர் என்று முதல் ஆஸ்பத்திரியிலேயே குறித்துவிட்டார்கள். மாவட்டப் போலீஸ் அலுவலகம் அதே குறிப்பைத் தமிழ்நாட்டுக்குச் செய்தியாக அனுப்பி, அங்கே காணாமல் போனவர்கள் பற்றி விசாரித்திருக்கிறது. நான் திங்கட்கிழமை முத்திரை வாங்கினேனே, அதே அலுவலகம். என் விண்ணப்பம் அந்தக் கட்டடத்துக்குள் போன நாளில், அதில் கேட்டதற்கான விடை அதே கட்டடத்தில் இருந்தது. அவரும் உயிரோடு இருந்தார். புதன்கிழமை மதியம் பதில் வந்திருந்தால் அன்று ராத்திரிக்குள் தங்கை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

வார்டில் இருந்த நர்ஸைத் தேடிப் பிடித்தாள் தங்கை. "என்ன பேசினார்?"

"ரெண்டு மூணு நாள் பேசிட்டே இருந்தாரும்மா. ஏதோ கேப்பார். எங்களுக்கு அரவம் தெரியாதே."

"ஒரு வார்த்தையாவது ஞாபகம் இருக்கா?"

நர்ஸ் யோசித்துப் பார்த்தாள். மனதார யோசித்தாள். இல்லையம்மா என்றாள்.

மறுநாள் பிணவறையில் உடலைக் கொடுக்கும்போது தங்கை முடிச்சை அவிழ்த்துப் பல்செட்டை நீட்டினாள். ஊழியர் அதை வாங்கிக்கொள்ளவில்லை. வாய் இறுகிவிட்டது அம்மா, இனிமேல் போட முடியாது என்றார். அவள் அதைத் திரும்ப முடிந்துகொண்டாள். இன்னும் அவளிடம்தான் இருக்கிறது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு நான் முதல் மேல்முறையீடு செய்தேன், அப்புறம் ஒரு நினைவூட்டல். தகவல் எனக்கு ஏற்கெனவே தெரியும். ஆனாலும் அந்த அலுவலகம் அதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று நினைத்தேன். தங்கை கேட்டாள், "பதில் வந்தா என்ன பண்ணுவே?" படிப்பேன் என்றேன்.

பதிலில் இரண்டு பத்தி. முதல் பத்தியில் சம்பந்தப்பட்ட நபர் இன்ன ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார், அங்கே காலமானார் என்று இருந்தது. இரண்டாவது பத்தியில், கோப்பில் உள்ள ஆவணங்களின்படி அந்த நபர் காலமாகிவிட்டபடியால், கேட்கப்பட்ட தகவல் ஒருவருடைய உயிரைப் பற்றியது ஆகாது, ஆகவே விண்ணப்பதாரர் குறிப்பிடும் நாற்பத்தெட்டு மணி நேர விதி இதற்குப் பொருந்தாது என்று இருந்தது. பிழையில்லாத, நல்ல நடை.

தபால்காரர் வந்தபோது தங்கை என் வீட்டுச் சமையலறையில் இருந்தாள். அவளுடைய குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் சில உண்டு. அன்று அந்தப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள், எதிரே நிற்க வேண்டாமென்று காலையிலேயே புறப்பட்டு வந்திருந்தாள். என்ன கடிதம் என்று உள்ளேயிருந்து கேட்டாள். ஆபீஸ் கடிதம் என்றேன். உறையின் மேல், என் பழக்கப்படி, வந்து சேர்ந்த தேதியை எழுதினேன். ஆடி பதினெட்டு.