மெத்தில் என்று எழுதிய ட்யூப்

வீரபாண்டித் திருவிழாவுக்கு எல்லோரும் கிளம்பிப் போன ஒரு மத்தியானம், ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து ஒரு திருடனுக்குப் பொறி வைத்தேன். இன்றுவரை அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

திருடன் என் சீனியர். தேனிக்குப் பக்கத்தில் ஒரே பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தோம். என் வேலை ஏலச்செடியை அழிக்கும் கட்டே என்ற வைரஸ் நோயைப் பற்றியது. மலையில் அப்பாவின் தோட்டத்தைக் காலி செய்தது அந்த வைரஸ்தான். செல்லுக்குள் இருக்கும் தூது ஆர்.என்.ஏ.வின் தலையில் ஒரு தொப்பி உண்டு. அந்தத் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஆர்.என்.ஏ.வின் செய்தியை வாசிக்கத் தொடங்கி வைக்க ஒரு புரதம் இருக்கிறது. வைரஸுக்குத் தொப்பி கிடையாது. ஆனாலும் அதே புரதத்தை வளைத்துப் போட்டுக்கொள்ளும். ஏலச்செடியிலிருந்து அந்தப் புரதத்தைப் பிரித்துக் காட்டினால்தான் என் ஆய்வு பிழைக்கும். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

அதற்குத் தொப்பியின் நகல் வேண்டும். மெத்தில் ஏற்றிய குவானோசின் ட்ரைபாஸ்பேட் என்பது முழுப்பெயர். நாங்கள் 'மெத்தில்' என்போம். மெத்தில் ஏறாததற்குப் பெயர் 'சாதா'. இரண்டும் பார்க்கத் தண்ணீர் மாதிரியே இருக்கும். நகலை ஒட்டிய நுண்மணிகளில் செடிச்சாற்றை ஊற்றினால் புரதம் போய்ப் பிடித்துக்கொள்ளும். பிறகு மெத்திலை ஊற்றினால் இறங்கி வரும். சாதாவுக்கு அசையாது.

மெத்தில் வந்தது சுண்டுவிரல் நுனியளவு ட்யூபில். அதை உலர்பனி போட்ட தெர்மோகோல் பெட்டியில் வைத்து, மதுரையிலிருந்து ஆண்டிபட்டி வழியாகப் பஸ்ஸில் மடியில் சுமந்து வந்தவள் நான். "பெட்டியில மீனாம்மா?" என்று கேட்டார் கண்டக்டர். இரண்டே மாதத்தில் அது பாதியாகியிருந்தது. சீனியரிடம் கேட்டேன்.

"நீயே கை தவறிக் கொட்டிப்புட்டு என்னையச் சொல்றியா தங்கச்சி?" என்று சிரித்தான். பிறகு போகிறபோக்கில், "ஏலச்செடிப் புரதத்த நானே எடுத்துப் பாக்குறேன்னு சொன்னேன். என் யோசனைய சார் ஒத்துக்கிட்டாக" என்றான்.

அது என் யோசனை. என் நோட்டில் படம் போட்டு அவனுக்கு விளக்கியதே நான்தான். அந்தத் திருவிழா மத்தியானம், மிச்சமிருந்த மெத்திலை வேறு ட்யூபுக்கு மாற்றி, 'காலாவதி' என்று எழுதிய டப்பாவுக்குள் ஒளித்தேன். 'மெத்தில்' என்று என் கையெழுத்து இருந்த ட்யூபில் சாதாவை நிரப்பி, ஃப்ரீசரில் என் பெட்டியில் பழைய இடத்திலேயே வைத்தேன்.

பத்து நாளில் அவன் எல்லோர் முன்னாலும் முடிவைத் திரையில் போட்டான். புரதம் தெரிய வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. சிரிப்பை அடக்கத் துப்பட்டாவைக் கடித்துக்கொண்டேன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ஏலச்செடியில இது நடக்காது. இத்தோட விட்டுரலாம். ரெண்டு பேரும் வேற வேலை பாருங்க."

என் சிரிப்பு செத்தது. அவனுக்கு வெட்டிய குழியில் என் ஆய்வும் சேர்ந்து விழும் என்று நான் யோசிக்கவே இல்லை.

"சார், புரதம் இன்னும் மணியிலதான் ஒட்டிக்கிட்டு இருக்கு. அண்ணன் ஊத்துனது சாதா."

"ஒனக்கெப்படித் தெரியும்?"

வாயை மூடியிருந்தால் நல்ல பெயராவது மிஞ்சியிருக்கும். "நான்தான் ஊத்தி வச்சேன் சார். என் பெட்டியில, என் ட்யூபுல."

பேராசிரியர் அவன் பக்கம் திரும்பினார். "அந்தப் பொண்ணு பெட்டியில இருந்தது ஒன் கைக்கு எப்படிப்பா வந்துச்சு?"

அவன் முழித்த முழியை நினைத்தால் இப்போதும் எனக்கு இனிக்கிறது.

அவன் எடுத்து வைத்திருந்த மணிகளில் அன்றே உண்மையான மெத்திலை ஊற்றினேன். மறுநாள் படத்தில் புரதம் கறுப்பாக, பட்டையாக விழுந்திருந்தது. ட்யூபில் பெயருக்கு மாறானதை நிரப்பியதற்காக மூன்று மாதம் எனக்கு ஃப்ரீசர் சாவி கிடையாது. அவன் வேறு இடம் பார்த்துப் போனான்.

கட்டுரை எழுதியபோது பேராசிரியர் கேட்டார்: "மணியைத் தயார் பண்ணது அவன்தான். நன்றி சொல்ற பகுதியிலயாவது அவன் பேரப் போடுவமா?"

அவர் கேட்டது நியாயம்தான் என்று எனக்குத் தெரியும்.

"வேண்டாம் சார்" என்றேன்.