பக்கத்து வகுப்பின் அமைதி

சுவருக்கு அந்தப் பக்கம் வகுப்பு சத்தமில்லாமல் இருந்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. இந்தப் பக்கம் என் எட்டாம் வகுப்பு சந்தையாக இரைந்தது. திங்கட்கிழமை மேற்பார்வையாளர் வருகிறார். இப்படியே போனால் ஆசிரியப் பயிற்சியில் நான் தேறமாட்டேன்.

பக்கத்து வகுப்புக் கணித ஆசிரியை மெலிந்தவர். அவர் அதட்டி நான் ஒருநாளும் கேட்டதில்லை. கையில் எந்நேரமும் ஒரு நீளக் குடை. அதற்குள்தான் பிரம்பு இருக்கும் என்று நினைத்தேன். பாடவேளையிலேயே போய்க் கேட்டேன்.

"ரீச்சர், பிரம்பை எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

"விரிச்சுப் பாருமன்," என்று குடையை நீட்டினார். விரித்தேன். ஒன்றுமில்லை.

"அப்ப பிள்ளையள் என்னெண்டு அடங்கி இருக்கினம்?"

"உம்மடை ஊரிலை பங்குக் கிணறு இல்லையோ? தண்ணி இறைக்கத் தன்ரை முறை வரும் எண்டு தெரிஞ்சவன் கிணத்தடியிலை சண்டை பிடிக்கமாட்டான். இதுகளுக்கும் கதைக்க முறை இருக்கு. அதை நான் பறிக்கிறேல்லை."

முன் வாங்கில் இருந்த மாணவி எழுந்தாள். "சேர், இப்ப என்ரை முறை. நீங்கள் பிறகு கதையுங்கோ."

வகுப்பே சிரித்தது, சிரித்து உடனே அடங்கியது.

இவ்வளவு இலேசா? இன்னும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் நாளைக்கு, என் வகுப்பில் அதிகம் கத்துகிறவனுக்கே முதல் முறையைக் கொடுக்கப்போகிறேன். அவன் கதைத்து முடிக்கும்வரை நான் வாயை மூடிக்கொண்டிருப்பேனா என்பதில்தான் இப்போது சந்தேகம்.