வாயைப் பொத்திய படம்

திருச்செங்கோட்டில் ஒரு பல் மருத்துவமனையில் நேற்று என் மகளுக்குப் பல்லில் கம்பி போட்டார்கள். நர்ஸ் கண்ணாடியை நீட்டியதும் அவள் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் கையை எனக்குத் தெரியும்.

அவள் வயதில் என் பல்லும் இப்படித்தான் முன்னால் துருத்திக்கொண்டிருந்தது. வகுப்பில் எனக்குப் பட்டப்பெயர் தேங்காய்த்துருவி. அப்பா போர்வெல் வண்டியில் டிரில்லர். ஆழ்துளைக் கிணறு போட வண்டி வடமாநிலங்களுக்குக் கிளம்பும் நாளில் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்து, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, முன்னால் குடும்பத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்வோம். அந்த வருடம் படம் எடுக்கிற நேரம் பார்த்து நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஸ்டுடியோவில் உடனே கழுவி வாங்கி, அப்பா அந்தப் படத்தைத்தான் வண்டிக்குள் ஒட்டிக்கொண்டு போனார்.

பத்து மாதம் கழித்துத் திரும்பியவர், பையை இறக்கி வைத்ததும் கேட்டார்: "நான் போறப்ப அழுதியா சாமி? போட்டோவப் பாக்கறப்பெல்லாம் மனசு கேக்கலை."

பேசும்போது அவர் பல் முழுவதும் தெரிந்தது. எனக்கு வாய்த்தது அவருடைய பல்தான். அந்தப் பெயரை அவரிடம் எப்படிச் சொல்வேன்?

"ஆமாங்கப்பா, அழுதேன்" என்றேன். அவர் கண்மூடும்வரை அந்தப் பொய்யை நம்பிக்கொண்டுதான் இருந்தார்.

"ஏஞ்சாமி அழுவறே? வலிக்குதா?" கண்ணாடியை நீட்டிய நர்ஸ், வாயைப் பொத்திய மகளிடம் குனிந்து கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் மகள்.

அவள் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

"உனக்கு என்ன பேரு வெச்சிருக்காங்க சாமி? எனக்குத் தேங்காத்துருவி."