டர்போ விளக்கு

அந்த மனிதரை எனக்கு முதல் நாளிலிருந்தே பிடிக்காது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து பாசஞ்சர் ரயிலில் வருவார். தூக்குச்சட்டியில் தயிர்சாதம் இருக்கும், வாயில் ஒரு வார்த்தை இருக்காது. திருநெல்வேலி ஜங்ஷனில், மாடி மேல் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் டீச்சர், அவர் சார். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம் புதிதாகச் சேர ஆள் வரவில்லை. முதலாளி அண்ணாச்சி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, இனி ஒருவருக்குத்தான் வேலை என்றார்.

நாங்கள் ஆளுக்கொரு செஸ் புரோகிராம் எழுதி வைத்திருந்தது அண்ணாச்சிக்குத் தெரியும்.

"ரெண்டையும் மோத விடுவோம். ஜெயிக்கவங்க இருக்கட்டும். வேடிக்கை பாக்க வாறவன்ல நாலு பேராவது சேருவான்லா."

எங்கள் பிழைப்பை வேடிக்கையாக்கி வாசலில் போர்டும் வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் சரி என்றேன். என் புரோகிராம் மேல் எனக்கு அவ்வளவு திமிர்.

இரண்டு ஆட்டம். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் இரண்டு நிமிஷம். ஒரு மிஷின் சொல்லும் நகர்த்தலை நாங்கள் மற்றதில் தட்டிவிட வேண்டும். அதுவரை நியாயம்தான். ஆனால் சாருக்குப் புது 486 கம்ப்யூட்டர், எனக்குப் பழைய 386. அதே இரண்டு நிமிஷத்தில் அவருடைய மிஷின் என்னுடையதைவிடப் பல மடங்கு யோசித்துவிடும். இதெல்லாம் ஒரு போட்டியா?

அன்றைய மிஷின்களின் முகப்பில் டர்போ என்று ஒரு பொத்தான் இருக்கும். அமுக்கினால் விளக்கு எரியும், மிஷின் முழு வேகத்தில் ஓடும். இல்லாவிட்டால் நடக்கும். சித்திரை வெயிலுக்கு மிஷின் வெந்துபோகும் என்று அண்ணாச்சி அதைத் தொடவே கூடாது என்று சொல்லியிருந்தார். போட்டியன்று காலையில் முதல் ஆளாகப் போய் என் மிஷினில் அதை அமுக்கினேன். சார் மட்டும் அமுக்காமலா இருப்பார்?

முதல் ஆட்டத்தில் தோற்றேன். மிஷினை மாற்றி வைத்து ஆட வேண்டும் என்று எல்லார் முன்னாலும் சத்தம் போட்டேன்.

"ஏம்மா, மிஷின்ல என்ன இருக்கு? எழுதுன மூளையிலல்லா இருக்கு," என்றார் அண்ணாச்சி.

"நீங்களாவது சொல்லுங்க சார். இது நியாயமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதைப் பிடுங்கி ஜன்னல் வழியே எறியலாம் போலிருந்தது. இரண்டாவது ஆட்டத்திலும் தோற்றேன். வேலை போயிற்று.

தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொன்னேன். மறுபோட்டி கேட்டு அண்ணாச்சிக்கு நாலு பக்கத்தில் நிபந்தனைகள் எழுதினேன். அதை நேரில் கொடுக்கப் போனபோது, சென்டர் வாசலில் போட்டியன்று எடுத்த போட்டோவைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். நடுவில் அண்ணாச்சி. ஒரு பக்கம் என் 386, டர்போ விளக்கு மஞ்சளாக எரிகிறது. மறுபக்கம் அவருடைய 486. அதில் விளக்கு எரியவே இல்லை.

டர்போ போடாத அந்த 486, டர்போ போட்ட 386-க்குப் பின்னால்தான் வரும். வெயில் தொடங்குமுன் இதை நானே வகுப்பில் ஓட்டிக் காட்டியிருக்கிறேன்.

பின்னால் அவர் வந்து நின்றார், கையெல்லாம் சாக்பீஸ் தூள்.

"நீங்க ஏன் சார் அமுக்கல?"

"அண்ணாச்சி வேண்டாம்னு சொல்லியிருந்தாங்கல்லா." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்க விளக்கு எரிஞ்சத அன்னைக்கே பாத்தேன். மிஷின மாத்துனா அண்ணாச்சி பக்கத்துல வந்து நிப்பாங்க, கண்ணுல பட்டுரும். அதான் பேசாம இருந்தேன்."

படியிறங்கினேன். கைப்பையில் கடிதம் அப்படியே இருந்தது. அதன் முதல் நிபந்தனையைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டிருந்தேன்: இரண்டு மிஷினும் ஒரே வேகத்தில் ஓட வேண்டும்.

அவரை எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. அன்று நாலு பேர் முன்னால் என்னைக் காட்டிக் கொடுத்திருந்தால் ஒருவேளை பிடித்திருக்கும்.