தங்கை போய்வந்த அர்ஜென்டினா

அம்மாவை அடக்கம் செய்த மறுவாரம், பாரீசிலிருந்து வந்திருந்த என் தங்கை சமையலறை வாசலில் நின்றுகொண்டு சொன்னாள்: "அக்கா, இனிமே உனக்கு இன்னா கட்டு? பாஸ்போர்ட் எடு. நம்ம ரெண்டு பேரும் ஒரு வகான்ஸ் போவோம். எந்த ஊருன்னு நீயே சொல்லு."

முப்பது வருஷமாக அங்கே இருப்பவள். விடுமுறைப் பயணத்துக்கு அவள் வாயில் வகான்ஸ் என்றுதான் வரும். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனாள். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா படுக்கையில் கிடந்த ஒன்பது வருஷமும் முத்தியால்பேட்டை வீட்டில் நான்தான் கூட இருந்தேன். அதை அவளிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

"அர்ஜென்டினா" என்றேன். யோசிக்கவே இல்லை.

பள்ளியில் புவியியல் பாடம் எடுத்தவள் நான். தென் அமெரிக்க வரைபடத்தை ஆணியில் மாட்டி, இது ஆண்டிஸ், இது பாம்பாஸ் புல்வெளி என்று பிரம்பால் தொட்டுக் காட்டியே வேலைக்காலம் முடிந்தது. அந்த நாட்டில் வடக்கே போனால் வெக்கை, தெற்கே போனால் பனி என்று சொன்னால் பிள்ளைகள் நம்பாமல் சிரிப்பார்கள். நானும் தெற்கே வேளாங்கண்ணியைத் தாண்டியதில்லை.

அவள் திரும்பிப் போனதும் திட்டம் போட ஆரம்பித்தேன். ஞாயிறு மாலை நான்கு மணிக்கு வீடியோவில் வருவாள். நான் கண்டுபிடித்து வைத்ததை எல்லாம் சொல்வேன். நவம்பரில் போக வேண்டும். அப்போது அங்கே வசந்தம், தலைநகரின் தெருக்களில் ஊதாப்பூ உதிர்ந்து கிடக்கும். அங்கிருந்து இகுவாசு அருவிக்குப் பஸ்ஸில் போனால் ஒரு நாள் முழுக்க ஆகும். அவள் வீட்டுக்காரரும் வருவதாகச் சொல்லியிருந்தாள். அவருக்கு மூட்டுவலி, அதனால் விமானம். வடமேற்கில் வண்ண வண்ண மலைகள் இருக்கின்றன. உயரத்தில் மூச்சு வாங்கும், எனவே கீழே ஓர் ஊரில் இரண்டு நாள் தங்கிவிட்டு ஏற வேண்டும். கடைசியாகத் தெற்கே, ஏரியில் இடிந்து விழும் பனியாறு. படகில் போவதைவிட எதிர்க்கரை மரப்பாதையில் நின்று பார்ப்பதுதான் நல்லது என்பதுவரை படித்து வைத்திருந்தேன்.

எங்கள் ஊரில் பிரெஞ்சு கற்றுத்தர ஆளுண்டு, ஸ்பானிஷுக்கு நான் தேடியவரை கிடைக்கவில்லை. கைப்பேசியில் படித்தேன். காய் நறுக்கிக்கொண்டே வழி கேட்கவும், அறை கேட்கவும், தலைவலி என்று சொல்லவும் பழகினேன். எட்டு மாதத்தில் தட்டுத்தடுமாறி நாலு வார்த்தை சேர்த்துப் பேச வந்தது. எல்லாவற்றையும் நாள்வாரியாகத் தட்டச்சு செய்து அவளுக்கு அனுப்பினேன்.

"சூப்பர்க்கா" என்றாள்.

அவள் குடும்பத்துக்கு விசா வேண்டாம். எனக்கு வேண்டும். எங்கே தங்குகிறோம் என்று காட்ட அறைகளை அவள் பதிவு செய்து அனுப்புவதாகப் பேச்சு. கேட்ட போதெல்லாம், "இந்த வாரம் போட்டுடறேன்" என்றாள். பிறகு ஞாயிறு அழைப்புகள் குறைந்தன. லீவு கிடைக்கவில்லை போலிருக்கிறது, அடுத்த வருஷம் என்பாள் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நவம்பரில் ஒருநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படங்கள் வந்தன. அருவி முன்னால் என் தங்கை, அவள் வீட்டுக்காரர், அவர்களோடு இரண்டு வெள்ளைக்காரத் தம்பதிகள். மூன்று நாள் கழித்து வண்ண மலை. அதற்கு முன் இரண்டு நாள் கீழே தங்கியிருந்தார்கள். கடைசியில் பனியாறு, மரப்பாதையிலிருந்து எடுத்தது.

அவர்கள் ஊர் திரும்பும்வரை காத்திருந்து போன் செய்தேன்.

"கோச்சிக்காதக்கா. உனக்கு விசா வருமோ வராதோ. அதுவும் இல்லாம எல்லாரும் அவரு பிரண்ட்ஸு. அவங்க பிரெஞ்சுல பேசினு இருப்பாங்க, நடுவுல நீ திருதிருன்னு முழிச்சினு ஒக்காந்திருப்ப. உனக்குத்தான் கஷ்டம்."

அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் ஸ்பானிஷ் தெரியாது என்று அவளே குழுவில் எழுதியிருந்தாள். அதைச் சொல்லாமலே போனை வைத்துவிட்டேன்.

அடுத்த ஆண்டு அவர்கள் இங்கே வந்தபோது, மூலக்குளத்தில் கட்டியிருக்கும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். போனேன். அவர் பக்கத்து உறவுக்காரர்கள் பத்துப் பேர் இருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் டிவியில் பயணப் படங்களைப் போட்டார்கள்.

"இதெல்லாம் அண்ணி போட்ட பிளான்தான்" என்றார் தங்கை வீட்டுக்காரர் என்னைக் காட்டி. மனசாரத்தான் சொன்னார்.

ஓர் அம்மாள் என் பக்கம் திரும்பினார். "அப்போ நீங்க போவலியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் தங்கை சொன்னாள்: "அக்காவுக்குக் குளிர் ஒத்துக்காது. நாங்க எவ்ளோ கூப்டோம்."

"ஒத்துக்கும்" என்றேன். "என்னை யாரும் கூப்பிடல."

தங்கை வீட்டுக்காரர் அவசரமாக அடுத்த படத்துக்குத் தள்ளினார். நான் கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். தங்கை வாசல் கேட் வரை ஓடிவந்தாள்.

"அத்தன பேரு எதிர்ல என் மானத்த வாங்கிட்டியே. ஒரு டூருக்குப் போயி இப்டியா?"

"டூருக்கு இல்ல" என்றேன். மேற்கொண்டு பேசினால் அம்மாவின் ஒன்பது வருஷமும் வெளியே வந்துவிடும் என்று பயந்து, வந்த ஆட்டோவை நிறுத்தி ஏறிவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை; நானும் பேசவில்லை. தனியாகவே போயிட்டு வாயேன் என்கிறாள் கூட வேலைபார்த்த தோழி. போகலாம்தான். விசா வாங்குவது அப்படி ஒன்றும் முடியாத காரியமும் இல்லை. ஆனால் எட்டு மாதம் நான் பார்த்துப் பார்த்துப் போட்டதெல்லாம் நானும் அவளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போகிற பயணம். அதில் ஒரு சீட்டை மட்டும் எடுத்துவிட்டு மீதியை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.